டி.என்.ஆர். எழுதப்பட்ட நோயாளிக்குச் செவிலியர் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: வார்டு செவிலியர், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் பணிபுரிகிறேன். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிய நிலையில் ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலான நேரம் மயக்கத்தில் இருக்கிறார். விழித்திருக்கும் போது வலியால் முனகுகிறார். மூத்த மகனிடம் மருத்துவர் பேசிய பின், கேஸ் ஷீட்டில் டி.என்.ஆர். (இதயமோ மூச்சோ நின்றால் உயிர் மீட்பு முயற்சி வேண்டாம்) என்று எழுதப்பட்டுள்ளது. மகனும் கையெழுத்திட்டிருக்கிறார்.

எனக்கு மூன்று கவலைகள் இருக்கின்றன. டி.என்.ஆர். எழுதிய நாளிலிருந்து அந்தப் படுக்கைக்குப் போவதை எல்லோரும் குறைத்துக்கொண்டு விட்டார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடர வேண்டுமா என்று கேட்டால், ‘அவருக்குத்தான் டி.என்.ஆர். போட்டாச்சே’ என்று பதில் வருகிறது. இது சரியா? அடுத்து, வெளிநாட்டில் இருக்கும் இளைய மகன் தொலைபேசியில் அழைத்து, ‘நான் வந்து சேரும் வரை எதைச் செய்தாவது அப்பாவைக் காப்பாற்றுங்கள்’ என்று அழுகிறார். இரவுப் பணியில் நான் மட்டும் இருக்கும் போது இதயம் நின்றுவிட்டால், அந்த மகனின் சொல்லையும் கேஸ் ஷீட்டில் இருப்பதையும் எப்படி ஒத்துப்போகச் செய்வது? மூன்றாவது, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒருவரைச் சாகவிடுவது ஆகாதா என்ற கேள்வி. பயிற்சிக் காலத்தில் சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, மூச்சு கொடுத்து இதயத்தை மீட்கும் முயற்சி) செய்வதற்குத்தான் எங்களைத் தயார் செய்தார்கள். செய்யாமல் இருப்பதைப் பற்றி எவரும் விரிவாகச் சொல்லித் தரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், பெரம்பூர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் கவலைதான் மிகப் பெரியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். டி.என்.ஆர். என்பது ஒரே ஒரு செயலைப் பற்றிய உத்தரவு. இதயமோ மூச்சோ நின்றுவிட்டால் மார்பை அழுத்துவது, மின் அதிர்ச்சி கொடுப்பது, குழாய் செருகிச் செயற்கை மூச்சு கொடுப்பது ஆகியவற்றை முயல வேண்டாம் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே கூறுகின்றன. மற்ற சிகிச்சை ஒவ்வொன்றும், தேவையா இல்லையா என்று தனித்தனியாக முடிவு செய்யப்பட வேண்டியது. ஆன்டிபயாட்டிக் தொடர வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு ‘டி.என்.ஆர். போட்டாச்சே’ என்பது பதிலே அல்ல. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அந்த ஊசி அவருடைய காய்ச்சலையும் சளியையும் குறைத்து நிம்மதி தருகிறதென்றால் தொடரலாம். ஊசி குத்தும் வலியைத் தவிர வேறு பயன் இல்லையென்றால் நிறுத்தலாம். எதுவானாலும் மருத்துவர் அதைத் தனியாக எழுத வேண்டும்.

படுக்கைக்குப் போவது குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனம் கனத்தது, ஏனென்றால் இது பல வார்டுகளில் நடப்பதுதான். எவரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. செய்வதற்கு எதுவுமில்லை என்று தோன்றும் இடத்தில் நிற்கக் கால் கூசுகிறது, அவ்வளவுதான். ஆனால் இறுதிக் கட்டத்தில் உள்ள நோயாளிக்குச் செவிலியர் வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கும் உதடும் வறண்டு வெடிக்கும். ஈரப் பஞ்சால் அடிக்கடி துடைத்து, உதட்டுக்கு வாசலின் தடவ வேண்டும். தோல் புண்ணாகாமல் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். அசைத்தாலே வலிக்கிறது என்றால், வலி மருந்து கொடுத்துச் சற்று நேரம் கழித்துத் திருப்புங்கள். சிறுநீர் கட்டியிருந்தால் மயக்கத்தில் உள்ளவர்கூடக் காரணமின்றிப் புரள்வது போலத் தெரியும். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மூச்சுத் திணறலுக்கு முகத்துக்கு நேரே சிறு மின்விசிறி வைப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்துவதும் எளிய வழிகள். நல்ல பலன் தருபவை.

அவர் முனகுகிறார் என்கிறீர்கள். அப்படியானால் வலி இன்னும் கட்டுக்குள் வரவில்லை. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குப் பாராசிட்டமால் போதாது. ஓபியத்திலிருந்து கிடைக்கும் வலி மருந்தான மார்ஃபின் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சரியான அளவில், வலி வரும் முன்பே நேரம் தவறாமல் கொடுத்தால், அது வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும், உயிரைப் பறிக்காது. மருத்துவப் பயன்பாட்டுக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்குவதற்காகவே 2014-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். பல இடங்களில் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு நோயாளி மலச்சிக்கலால் வேறு அவதிப்படுகிறார்.

கடைசி நாட்களில் தொண்டையில் சளி கரகரக்கும் ஓசை வரும். குடும்பத்தார் அதைக் கேட்டுத் துடித்துப் போவார்கள். நோயாளி அதை உணர்வதில்லை என்பதே பொதுவான கருத்து. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுரப்பைக் குறைக்கும் ஊசிகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதித் தருவார். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சுவதைத் தவிருங்கள். அதில்தான் அவருக்குத் துன்பம் அதிகம். மூச்சு நீண்டு, சுருங்கி, சில நொடிகள் நின்று, மறுபடி தொடங்கும் என்பதையும் முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். சொல்லப்படாத குடும்பம்தான் அந்த நேரத்தில் ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று அலறுகிறது.

நம் பகுதியில் ஒன்றைக் கவனமாகக் கையாள வேண்டும். கடைசியில் வாயில் பால் ஊற்ற வேண்டும் என்று வீட்டார் விரும்புவார்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்காக ‘கூடாது’ என்று விரட்டாதீர்கள். பஞ்சில் ஒரு சொட்டுப் பாலைத் தோய்த்து உதட்டை நனைக்கச் சொல்லுங்கள்; பேரப்பிள்ளைகள் வரை ஒவ்வொருவராக அதைச் செய்யலாம். இராயபுரத்துக் கிறித்தவக் குடும்பமாக இருந்தால் பாதிரியாரை எப்போது அழைக்க வேண்டும் என்றும், மண்ணடிப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பமாக இருந்தால் கலிமா சொல்ல யார் அருகில் இருப்பார்கள், கிப்லாவை (மக்காவின் திசையை) நோக்கி எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்றும் நினைவு தப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதுவும் செவிலியர் பணியே.

இரவுப் பணியைப் பொறுத்தவரை என் கருத்து இது. உத்தரவு எழுத்தில், தேதியோடும் நேரத்தோடும், மருத்துவரின் கையெழுத்தோடும் இருக்கிறதா, குடும்பத்தாரின் கையெழுத்து இருக்கிறதா என்று பணி ஏற்கும்போதே பாருங்கள். இருந்தால் அதன்படி நடங்கள். எழுத்தில் இல்லாமல் வாய்மொழியாக மட்டும் ‘இவருக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போனால், இதயம் நிற்கும்போது நீங்கள் சி.பி.ஆர். தொடங்கியே ஆக வேண்டும். இந்த முடிவைச் செவிலியர் தாமாக எடுக்க இடமில்லை.


பதில்: வலி தணிப்பு மருத்துவர்

பெரம்பூர் சகோதரி எழுதியதில் பெரும்பகுதியை என் பயிற்சி மாணவர்களுக்கு அப்படியே படித்துக் காட்டலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். குடும்பத்தாரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கையெழுத்தைவிட, உரையாடல் நடந்ததா என்பதே முக்கியம். யார் யார் இருந்தார்கள், நோயின் நிலை பற்றி என்ன சொல்லப்பட்டது, அவர்கள் என்ன கேட்டார்கள், நோயாளி நினைவோடு இருந்தபோது என்ன விரும்பினார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். பயன் தராத ஒரு சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்பது மருத்துவத் தீர்மானம். அதன் பொறுப்பை மருத்துவர் சுமக்க வேண்டும். அதை மகன் தலையில் ஏற்றிவிட்டு நாங்கள் விலகிக்கொள்வது முறையல்ல.

ஏன் பயன் தராது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் சகோதரியின் மூன்றாவது கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. மார்பை அழுத்தி இதயத்தை மீட்கும் முறை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. மயக்க மருந்தின்போதோ மாரடைப்பிலோ மின்சாரம் தாக்கியோ திடீரென்று நின்றுபோகும் இதயத்துக்கு அது அருமையான முறை. அங்கே உடலின் மற்ற உறுப்புகள் நலமாக இருக்கின்றன. இதயம் மட்டும் நின்றிருக்கிறது. உங்கள் வார்டில் இருக்கும் பெரியவருக்கோ நுரையீரலும் கல்லீரலும் ஓய்ந்த பின், கடைசியாக இதயம் நிற்கப் போகிறது. அதை ஒருவேளை மீண்டும் துடிக்க வைத்தாலும், நிற்க வைத்த காரணம் அப்படியே இருக்கிறது. வசதி மிகுந்த நாடுகளின் மருத்துவமனைகளில்கூட, உள்ளே இருக்கும்போது இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். எல்லா வயதையும் எல்லா நோயையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு இது. புற்றுநோய் முற்றிப் படுக்கையில் விழுந்தவர்களுக்கு வாய்ப்பு இதைவிட மிகக் குறைவு. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மார்பை அழுத்த வேண்டும். புற்று பரவிய விலா எலும்புகள் அதைத் தாங்குமா என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே, நீங்கள் அவரைச் சாகவிடவில்லை. அவருடைய நோய் அவரை அழைத்துச் செல்கிறது; கடைசி நிமிடங்களில் அவர் மேல் ஒரு வன்முறை நடக்காமல் நீங்கள் காக்கிறீர்கள்.

இளைய மகன் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நேரத்தில் கேஸ் ஷீட்டையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்க்கும் நிலைக்கு ஒரு செவிலியரைத் தள்ளக் கூடாது. நாளைக்கே மருத்துவரிடம் சொல்லி, வீடியோ அழைப்பில் இளைய மகனையும் சேர்த்து, இரு மகன்களோடும், தாய் இருந்தால் அவரோடும் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் இன்றைய உடல்நிலை தெரியாது. விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவரைத்தான் மனத்தில் வைத்திருப்பார். படுக்கையில் இருப்பவரை நேராகக் காட்டிப் பேசினாலே பாதிப் பிணக்கு தீரும். அதன் பின்னும் இணங்காவிட்டால், வேறொரு மூத்த மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். அதுவரை உத்தரவு நீடிக்கிறதா, தற்காலிகமாக விலக்கப்படுகிறதா என்பதை மருத்துவர் தெளிவாக எழுத வேண்டும். எழுதியபடி நீங்கள் நடக்கலாம்.

குடும்பத்தாரின் கண்ணுக்காக மெல்ல நாலு முறை அழுத்திக் காட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அது நோயாளிக்கும் பயனில்லை, குடும்பத்துக்கும் பொய்.


பதில்: நோயாளியின் மகள், காசிமேடு

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் தந்தைக்குச் சிறுநீரகமும் இதயமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தபோது அந்தத் தாளில் கையெழுத்திட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் எங்களிடம் பேசிய இளம் மருத்துவர், ஐ.சி.யூ. வாசலில் நின்றபடி, ‘ஹார்ட் நின்றால் நாங்கள் முயற்சி செய்யட்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டார். பெற்ற தகப்பனுக்கு எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வாள்? எல்லாவற்றையும் செய்யுங்கள் என்றுதான் சொன்னோம். மறுநாள் இன்னொரு மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நோய் எங்கே வந்து நிற்கிறது என்று எளிய தமிழில் சொன்னார். பிறகு, ‘உங்கள் அப்பா இப்போது கண் விழித்துத் தன் நிலையைத் தானே பார்க்க முடிந்தால், நம்மிடம் என்ன கேட்பார்?’ என்றார். என் தம்பிதான் பதில் சொன்னான். எதிர்வீட்டுப் பெரியவர் வென்டிலேட்டரில் கிடந்தபோது, தனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் கடலைப் பார்த்தபடி வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று அப்பா சொன்னதை அவன் நினைவு வைத்திருந்தான். அதன் பிறகு எங்களுக்குள் சண்டை எழவில்லை. எங்கள் விருப்பத்தைக் கேட்காமல் அவருடைய விருப்பத்தைக் கேட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கையெழுத்து என்னுடையதாகவே இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், ‘நீதானே கையெழுத்துப் போட்டவள்’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அந்தச் சொல் இன்றும் தைக்கிறது. ஆகவே, இது எங்கள் மருத்துவ முடிவு, உங்களுக்கு விளக்கினோம் என்பதற்கான அடையாளமே உங்கள் கையெழுத்து என்று மருத்துவர்களும் செவிலியர்களும் குடும்பத்தாரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த மூத்த மகனிடமும் யாராவது இதைச் சொல்லுங்கள். தம்பி வந்து இறங்கியதும் முதலில் அவரைத்தான் கேட்பார்.


பதில்: வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்

சட்டநிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைக் கருணைக் கொலையோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். மருந்து செலுத்தி உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும் விலக்கிக்கொள்வதும் வேறு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாக்கப்பட்டு, 1973 முதல் 2015-இல் இறக்கும் வரை அங்கேயே படுக்கையில் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் தொடர்பான 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பில்தான், கடும் கட்டுப்பாடுகளுடன், உச்ச நீதிமன்றம் இதற்கு முதலில் இடமளித்தது. 42 ஆண்டுகள் அவரைப் பேணியவர்கள் அந்த மருத்துவமனையின் செவிலியர்களே என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. பின்னர் 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில், கண்ணியத்தோடு இறப்பதும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

வென்டிலேட்டர் போன்றவற்றை விலக்குவதற்கான நடைமுறை 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. மருத்துவமனையின் முதல் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய இரண்டாம் குழுவும் ஒப்ப வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்தைச் சொல்ல வேண்டும். நினைவோடு இருக்கும்போதே ஒருவர் தம் விருப்பத்தை இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்று வைக்கலாம். அப்படி எழுதி வைத்தால் பிள்ளைகளுக்குள் பிணக்கு வர வாய்ப்பு குறையும்.


கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பின் எங்கள் மருத்துவரிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை இரு மகன்களோடும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். மார்ஃபின் தொடங்கியிருக்கிறார்; முனகல் குறைந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைத் தொடரச் சொல்லித் தனியாக எழுதிவிட்டார். மூத்த மகன் இப்போது, முடிந்தால் கொருக்குப்பேட்டையில் உள்ள வீட்டுக்கே அப்பாவை அழைத்துச் செல்லலாமா என்று கேட்கிறார். அதற்கு நான் என்னென்ன சொல்லி அனுப்ப வேண்டும்?


பதில்: ஓய்வு பெற்ற செவிலியர், பெரம்பூர்

மருத்துவர் தம்பி சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்; காசிமேட்டுச் சகோதரியின் அனுபவமும் அதையே உறுதி செய்கிறது.

வீட்டுக்குப் போவது நல்ல விருப்பம். ஆனால் ‘மருத்துவ ஆலோசனையை மீறிச் செல்கிறோம்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவதாக அது ஆகிவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் நிலை, டி.என்.ஆர். முடிவு, அதற்கான காரணம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மார்ஃபினும் மலமிளக்கியும் கையிருப்போடு போக வேண்டும். வாயால் விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கலாம், அதற்கு யார் வருவார்கள் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். அவர்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கு வருவார். கொருக்குப்பேட்டை வீடுகளின் படிக்கட்டு உங்களுக்கே தெரியும். மாடி வீடு என்றால் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று மகனை ஒருமுறை பார்த்துவரச் சொல்லுங்கள். ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதென்றால், மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மிக முக்கியமானது, கடைசி நேரத்தில் யாரை அழைப்பது என்பது. பதற்றத்தில் 108-ஐ அழைத்தால், வருபவர்கள் தங்கள் கடமைப்படி உயிர் மீட்பு முயற்சியைத் தொடங்கக்கூடும். ஒரு வாரமாகப் பேசி எடுத்த முடிவு வாசலிலேயே கலைந்துவிடும். எனவே முதலில் அழைக்க வேண்டிய மருத்துவரின் எண்ணைச் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால், கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4ஏ-இல் எழுதித் தர வேண்டும். அதைத் தர யார் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உடலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்குவார்கள். மாநகராட்சியில் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மூத்த மகனிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள், அப்போது வாயால் சொல்வது எதுவும் அவர் நினைவில் நிற்காது.